மன்மாயாவிடம் சொல்ல வேண்டியது

வெஸ்ட்லி, ஒஸ்லோ
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மலருக்கு,

நான் சுகம். முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டு நடக்கின்றன, வேறு குறையில்லை. நீரும் றொஷானும் மருமகளும் குட்டி யூலியாவும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். பேத்திக்குப் பல் வந்துவிட்டதா?

தொலைபேசி இருக்க இந்த மனிதன் ஏன் முத்திரை ஒட்டுகிறான் என்று நினைப்பீர். நாங்கள் தொலைபேசியில் கதைப்பது உமக்குத் தெரியும்தானே. "சாப்பிட்டீரோ?" "ஓம். நீங்கள்?" "ஓம்." அதன் பிறகு ஒருவர் மூச்சு விடுவதை மற்றவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுகிறோம். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையிடம் ஒரு கடதாசியைக் கொடுத்தால் பக்கம் பக்கமாக எழுதும். ஊர்காவற்றுறையிலும் பார்த்தேன், ஒஸ்லோவில் தாய்மொழி படிப்பித்தபோதும் பார்த்தேன். நாங்களும் அப்படி ஒருமுறை முயன்று பார்ப்போம்.

விஷயம் இதுதான். ஜெனுஷா தை மாதம் தனக்கும் எங்கள் இருவருக்குமாகப் பதிந்துவைத்த நேபாள நடை நினைவிருக்கிறதா? இமயமலையின் அடிவாரத்துக் கிராமங்கள் ஊடாக ஐந்து நாள். நோர்வேக்காரர் காட்டிலும் மலையிலும் நடக்கப் போவதை 'தூர்' என்பார்கள். அவள் அதைத் தமிழ்ச் சொல் போலவே சொல்வாள். "அப்பா, இது உங்கடை முழங்காலுக்கெண்டே செய்த தூர். நாளுக்கு நாலு மணித்தியாலந்தான். இடையிலை தேத்தண்ணி. ஆக்களின்ரை வீட்டிலை படுக்கை. அம்மா சேலையோடையும் நடக்கலாம்."

இலையுதிர்காலத்தில் மூவரும் வருகிறீர்களா என்று நடையை ஒழுங்குசெய்கிறவர்கள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று எழுதவில்லை.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் அவள் அதே வழியில் நடந்தபோது மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தாளே, பதினொரு நாள் தன் வீட்டில் வைத்துப் பார்த்தாளே மன்மாயா என்ற பெண், அவளைப் பற்றித்தான். மன்மாயாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அந்த ஊர் வழிகாட்டி கேசவின் தொலைபேசிக்கு எடுத்து ஜெனுஷா அவளோடு இடைக்கிடை கதைப்பாள். பங்குனிக்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் எடுக்கவில்லை. யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா?

நான் போகலாம் என்று நினைக்கிறேன். நீரும் வாரும். பிள்ளை பார்க்கவென்று சித்திரையில் போன நீர், மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனீர். நான் அதை எண்ணவில்லை, சும்மா சொல்கிறேன்.

உம்முடைய பிளாஸ்க் குசினியில் நீர் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

யூலியாவின் இரண்டு கன்னத்துக்கும் முத்தம்.

உம்முடைய
அருளானந்தன்


ஹம்மர்பெஸ்ட்
2 செப்டம்பர் 2024

றொஷானின் அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். யூலியாவுக்குக் கீழே இரண்டு பல். இங்கே கடற்காற்று தொடங்கிவிட்டது. பிரஷர் குளிசையைக் காலையில்தான் எடுக்க வேண்டும். நினைத்த நேரம் போடாதேயுங்கோ.

நான் வரவில்லை. நீங்கள் போங்கோ.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். 'பங்குனிக்குப் பிறகு' என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குப் பிறகு? நான் எழுதுகிறேன். எங்கள் மகள் செத்துப்போய் இன்றைக்கு நூற்று எழுபத்தைந்து நாள். இருபத்தொன்பது வயது. வேலையிடத்தில் மயங்கி விழுந்தாள், தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், தூரத்தில் இருப்பவருக்குச் 'செத்துப்போனார்' என்று சொல்வதில்லை. 'கடுமையாக இருக்கிறார், உடனே வாங்கோ' என்றுதான் சொல்வோம். கேட்கிறவருக்கு விளங்கும். வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வந்து சேர்வார். அதுவும் ஒரு மரியாதை.

நீங்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. பிழைக்கமாட்டாள், வரவேண்டியவர்களைக் கூப்பிடுங்கள் என்று மருத்துவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் வெளியே வந்து எனக்கு எடுத்து என்ன சொன்னீர்கள்? "பிள்ளை வேலையிலை மயங்கிட்டாள், பயப்பிட ஒண்டுமில்லை. கண் முழிச்சிட்டாள். ஆறுதலா வாரும்."

நான் ஆறுதலாக, அவசரமில்லாமல் வந்தேன். கண் விழித்த பிள்ளைக்குப் பசிக்கும் என்று அரிசி கழுவிக் கஞ்சி வைத்தேன். தேங்காய்ப்பால் விட்டேன். பிளாஸ்க்கில் ஊற்றி, மூடி இறுக்கி, டாக்ஸி பிடிக்காமல் ரயிலில் வந்தேன். ஒரு கிழவிக்கு எழும்பி இடம்கூடக் கொடுத்தேன். நான் வந்தபோது அவள் போய் நாற்பது நிமிடம். கை ஆறிவிட்டது.

சண்டைக்கு எழுதவில்லை. முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். இந்த நாட்டு ஆட்கள் செத்தவரைச் செத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதைப் பார்த்து முதலில் கல்நெஞ்சர் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மன்மாயாவிடம் நேரே சொல்லுங்கோ. உங்கள் வகுப்பு உதாரணம் ஒன்றும் வேண்டாம். சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கோ. டிசம்பரில் நத்தாருக்கு வருவதா என்று அப்போது யோசிக்கிறேன்.

பிளாஸ்க்கைத் திறக்க வேண்டாம்.

மலர்


வெஸ்ட்லி
15 செப்டம்பர் 2024

அன்புள்ள மலருக்கு,

குளிசை காலையில்தான். முட்டைப் பெட்டியில் ஏழு குழிக்கு ஏழு நாள் எழுதி வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒழுங்கு.

ஒரு கணக்கில் பிழைத்த இடம் தெரிந்த பிறகும் திருத்த முடியாதென்றால் ஆசிரியனுக்கு என்ன மரியாதை? மன்மாயாவிடம் நேரே சொல்வேன். இது வாக்கு.

முழங்காலைப் பழக்குவதற்காக லிஃப்ற்றை விட்டுப் படியில் ஏறுகிறேன். பதினோராம் மாடிக்கு ஹவுகெட்டோவில் இருந்து யோகராணி என்றொரு பிள்ளை புதிதாக வந்திருக்கிறாள். வாய் ஓயாத பிள்ளை. ஆறாம் மாடியில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டுவிட்டாள்.

"என்ன மாஸ்ரர், லிஃப்ற் பழுதோ?"

"லிஃப்ற் சரி தங்கச்சி. முழங்கால்தான் பழுது."

"அதுக்கு ஆரும் படி ஏறுவினமே?"

"இமயமலைக்குப் போறன்."

"அதுக்கு முதல் ஏழாம் மாடிக்குப் போய்க் காட்டுங்கோ பாப்பம்!"

கன நாளைக்குப் பிறகு சிரித்தேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். இரண்டு என்றேன். பிறகு எனக்கு மூச்சு வாங்கியது, அவளும் போய்விட்டாள்.

உமக்குக் குளிரும். ஜெனுஷாவின் தடித்த காலுறைகள் அலுமாரியில் இருக்கின்றன. அனுப்பட்டா?

உம்முடைய
அருளானந்தன்


நேபாளம், இரண்டாம் நாள் தங்கிய ஊர்
2 நவம்பர் 2024

அன்புள்ள மலருக்கு,

சுகமாக இருக்கிறேன். முழங்கால்கள் சமாதானமாகிவிட்டன. நீங்கள் எல்லோரும் நலமா? இந்தக் கடிதத்தைப் பொக்கராவுக்குத் திரும்பித்தான் போட வேண்டும். இந்த ஊர்களில் தபால்பெட்டி காணவில்லை.

ஜெனுஷா சொன்னது சரி. இது மலை ஏறுவதல்ல. ஓர் ஊரில் இருந்து அடுத்த ஊருக்குப் போகிற பாதை, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் புல்லுக்கட்டுச் சுமக்கிற பெண்களும் எங்களைத் தாண்டிப் போகிறார்கள். மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி வயல் வைத்திருக்கிறார்கள். இப்போது குரக்கன் வெட்டுகிற காலம். முற்றத்தில் பரப்பி நீண்ட தடியால் அடிக்கிறார்கள். மத்தியானம் களி கிண்டித் தந்தார்கள். எங்கள் குரக்கன் களிதான், சீனி இல்லை, அவ்வளவு வித்தியாசம்.

கேசவ் நல்லவன், நாற்பது வயதிருக்கும். என்னை 'பாஜே' என்கிறான், தாத்தா என்று அர்த்தமாம். "பாஜே, உங்கள் மகள் இந்த ஏற்றத்தில் பாடிக்கொண்டு போனாள். நீங்கள் விசில் மாதிரி மூச்சு விடுகிறீர்கள். குடும்பமே சங்கீதக் குடும்பம்" என்று சிரித்தான். மூவர் பதிந்து ஏன் ஒருவர் வந்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை. நானும் முதலில் மன்மாயாவிடம் சொல்லிவிட்டு இவனிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

பாதையில் அங்கங்கே ஆலமரமோ அரசமரமோ நட்டு, சுற்றிவர இடுப்பளவில் கல்மேடை கட்டியிருக்கிறார்கள். சுமையோடு வருகிறவர் குனியாமல் அப்படியே பின்னுக்குச் சாய்ந்து சுமையை மேடையில் இறக்கலாம். எங்கள் ஊர்ச் சுமைதாங்கிக் கல் இருக்கிறதே, அதேதான். யார் கட்டுவது என்று கேட்டேன். வீட்டில் ஓர் ஆள் இல்லாமல் போனால் அந்த வீட்டார் கட்டுவார்களாம். நான் அதில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

இன்று காலையில் பனிமலை தெரிந்தது. ஒரு சிகரம் மீன்வால் மாதிரிப் பிளந்திருக்கிறது. தீவில் பிறந்தவனுக்கு இமயமலையிலும் மீன்தான் தெரிகிறது என்று நீர் சொல்வீர்.

நாளை மன்மாயாவின் வீடு.

உம்முடைய
அருளானந்தன்


பொக்கரா
6 நவம்பர் 2024

அன்புள்ள மலருக்கு,

நடை முடிந்தது. பெருவிரலில் ஒரு கொப்புளம், வேறு சேதமில்லை. நீரும் பிள்ளைகளும் சுகமா?

மூன்றாம் நாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊரே பெருநாளாக இருந்தது. சகோதரிகள் சகோதரர்களுக்கு நெற்றியில் ஏழு நிறத்தில் பொட்டு வைத்து மாலை போடும் நாள். செவ்வந்தி போல மஞ்சள் பூ, ஒவ்வொரு வாசலிலும் கயிறு கயிறாக. மன்மாயாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கட்டையான ஆள், பெரிய கைகள். புருஷன் இல்லை. ஒரே மகன் கட்டாரில் வேலை. கேசவ் நான் யார் என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தாள்.

வீடு வடிவான வீடு. கீழே கல்லும் களிமண்ணும், மேலே பலகை. மேல் அறையில்தான் ஜெனுஷா படுத்திருந்தாள். ஜன்னலைத் திறந்தால் ஆட்டுக்கொட்டில், அதற்கு அப்பால் அந்த மீன்வால் மலை. ஆடு மூன்று குட்டி போட்டிருக்கிறது. அதில் ஒன்று என் தொப்பியின் நுனியைக் கடித்துவிட்டது. மன்மாயா அதன் காதைப் பிடித்துத் திட்டிய திட்டு எனக்குப் பாஷை தெரியாமலே விளங்கியது.

உலர்த்திப் புளிக்கவைத்த கீரையில் ஒரு குழம்பு வைத்தாள். பழைய புளியம்பழ மணம். ஜெனுஷாவுக்குக் காய்ச்சலில் வாய் கசந்தபோது இதுதான் இறங்கியதாம். புறப்படும்போது அந்தக் கீரையில் ஒரு பொதி துணியில் கட்டித் தந்தாள்.

நாலாம் நாள் இறக்கம். ஆற்றைத் தொங்குபாலத்தால் கடந்தோம். ஐந்தாம் நாள் ஜீப் வந்தது.

நான் வெள்ளிக்கிழமை ஒஸ்லோ திரும்புகிறேன். குளிசை தவறவில்லை.

உம்முடைய
அருளானந்தன்


ஹம்மர்பெஸ்ட்
2 டிசம்பர் 2024

றொஷானின் அப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. சுகம். இங்கே சூரியன் போய்விட்டது, இனித் தைக்குத்தான். யூலியா தவழ்கிறாள்.

ஆட்டுக்குட்டி எத்தனை என்று எழுதியிருக்கிறீர்கள். தொப்பியைக் கடித்ததும் எழுதியிருக்கிறீர்கள். மன்மாயாவிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை.

அந்தப் பொதி யாருக்கு? செத்துப்போன பிள்ளைக்குப் பிடிக்கும் என்று யாரும் கீரை கட்டிக் கொடுத்தனுப்ப மாட்டார்கள்.

மலர்


வெஸ்ட்லி
19 டிசம்பர் 2024

அன்புள்ள மலருக்கு,

உம்முடைய கடிதம் வந்து இரண்டு கிழமை. ஏழு தரம் எழுதிக் கிழித்தேன். இதை எப்படியும் போடுகிறேன்.

நான் சொல்லவில்லை.

அவள் என் கையைப் பிடித்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, மலர். என் தோளுக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்தாள். கேசவ் மொழிபெயர்த்தான்: "ஜெனுஷா பின்னால் வருகிறாளா?" பூமாலை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் போட்டது வேறு. அது அவளுக்கென்று கட்டியது.

"அவள் சுகம். வேலை அதிகம். அடுத்த முறை வருவாள்" என்றேன். ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம். ஒன்றிலும் தடுமாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தப் பொதி ஜெனுஷாவுக்கு. குளிர்நாட்டில் காய்ச்சல் வந்தால் காய்ச்சிக் குடிக்கட்டும் என்று சொன்னாள். பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பெருநாள் வீட்டில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். அடுத்த நாள் விடியப் பெருநாள் முடிந்திருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

அன்றைக்கு மருத்துவமனையில் நடந்ததை நீர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் 'கடுமை' என்று சொல்லத்தான் எடுத்தேன். நீர் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கதைத்தீர். பின்னால் வெங்காயம் வதங்குகிற சத்தம் கேட்டது. நீர், "பொறுங்கோப்பா, அடிப்பிடிக்கப் போகுது" என்றீர். அந்தச் சத்தம் இன்னும் ஒரு நிமிடம் அப்படியே கேட்கட்டும் என்று நினைத்தேன். நான் வாயைத் திறந்தால் அந்தச் சட்டி இனி ஒருநாளும் அப்படிச் சத்தம் போடாது என்று எனக்குத் தெரியும். உமக்கு ஒரு நிமிடம் மிச்சம் பிடித்துத் தருவதாக நினைத்து அவளோடு உமக்கு இருந்த கடைசி நேரத்தையே பறித்துவிட்டேன்.

இது மன்னிப்புக் கேட்பதற்குப் போதாது. காரணம் என்று ஒன்று இருந்தது, அதை நீர் அறிய வேண்டும், அவ்வளவுதான்.

நத்தாருக்கு நீர் வரமாட்டீர் என்று தெரியும். பாலன் பிறப்புக்கென்று மாட்டுத்தொழுவம் வைக்கவில்லை. யூலியாவுக்கு ஒரு கம்பளித் தொப்பி இத்துடன்.

அருளானந்தன்


வெஸ்ட்லி
12 மார்ச் 2025

அன்புள்ள மலருக்கு,

மூன்று மாதமாக உம்முடைய கையெழுத்தைக் காணவில்லை. நீர் சுகம் என்று றொஷான் சொல்கிறான். எனக்கும் குறையில்லை.

நேற்று ஓராண்டு. காலையில் திருப்பலி கேட்டேன். அங்கே ஹம்மர்பெஸ்ட் கோவிலில் நீங்களும் பூசை வைத்ததாக அறிந்தேன். நல்லது.

திரும்பி வந்து படியேறினேன். இப்போது பதினோராம் மாடிவரை நிற்காமல் ஏறுவேன். யோகராணி தன் கதவடியில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "மாஸ்ரர், கோட்டும் சூட்டும்! பொம்பிளை பாக்கவோ?" என்றாள். பிறகு தன் பாட்டுக்குக் கேட்டாள்: "அண்டைக்கு இரண்டு பிள்ளையள் எண்டு சொன்னியள். மகன் வடக்கை எண்டு தெரியும். மகள் ஒருநாளும் வரக் காணேல்லையே?"

நான் சப்பாத்தைப் பார்த்தேன். ஒரு கயிறு கட்டியிருந்தது, மற்றது கட்டவில்லை.

"மகள் செத்துப்போனாள், தங்கச்சி. இண்டைக்கு ஒரு வருஷம்" என்றேன்.

அவள் அழுதாள், மலர். யாரோ ஒரு பிள்ளை, கட்டாத சப்பாத்தோடு படியில் இருந்து அழுதாள். "நான் விசரி, பகிடி விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாஸ்ரர்" என்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். வானம் இடியவில்லை. கொஞ்சத்தில் யாரோ லிஃப்ற்றில் ஏறிப் போனார்கள். சொல்லி முடித்த பிறகும் உலகம் இருக்கிறது என்று ஒரு வருடம் பிந்தித் தெரிந்துகொண்டேன்.

மன்மாயாவிடம் இன்னும் சொல்லவில்லை. கேசவுக்கு எழுதிச் சொல்லச் சொல்லலாம். ஆனால் அவனும் இரக்கமுள்ளவன், என்னைப் போலச் சொல்லிவிடுவான். வைகாசியில் நானே திரும்பப் போக நினைக்கிறேன்.

பொதியை உமக்கு அனுப்புகிறேன். என் வீட்டில் அதை வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.

அருளானந்தன்


வெஸ்ட்லி
26 ஏப்ரல் 2025

அன்புள்ள மலருக்கு,

சுகமா? ஈஸ்டர் வாழ்த்துச் சொல்ல எடுத்தேன், றொஷான்தான் பேசினான். நேற்றும் எடுத்தேன். "அம்மா தூருக்குப் போயிட்டா" என்றான். எங்கே என்று கேட்டதற்கு, "அவவே எழுதுவா அப்பா" என்றான். நீர் காலில் நல்ல சப்பாத்துப் போட்டிருப்பீர் என்று நம்புகிறேன். உமக்கு வடக்குப் பனியில் நடந்து பழக்கமில்லை.

வேறு என்ன எழுத. பொதி கிடைத்ததா?

அருளானந்தன்


ஹம்மர்பெஸ்ட்
5 மே 2025

ஜெனுஷாவின் அப்பாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பனியில் நடக்கவில்லை. நான் மன்மாயா வீட்டுக்குப் போய்வந்தேன்.

உங்களிடம் சொல்லாமல் போனதற்குக் காரணம், சொன்னால் நீங்களும் வருவீர்கள். போகும்போதும் வரும்போதும் ஒஸ்லோ விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். வெஸ்ட்லிக்கு வரவில்லை. முதலில் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நீங்கள் எழுதிய மீன்வால் மலையைக் காணவில்லை. சித்திரையில் புகைமூட்டம். காடெல்லாம் ஒரு சிவப்புப் பூ. கேசவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். கல்மேடையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதான். "பாஜே ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டான். "அவர் ஆருக்கும் சொல்லேல்லை" என்றேன், தமிழில். விளங்கியதோ தெரியாது. அவள் செத்துப்போனாள், நான் அவளுடைய தாய் என்பதை அந்த ஊர்ப் பாஷையில் அவனிடம் கேட்டு இரண்டு நாளும் நடந்து நடந்து பாடமாக்கினேன். வேறு ஆள் வாயால் மொழிபெயர்த்துச் சொல்லக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம்.

மன்மாயா முற்றத்தில் வெங்காயத்தாள் அரிந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் யாரும் சொல்லாமலே நான் யாரென்று அறிந்தாள். எனக்கும் ஜெனுஷாவுக்கும் ஒரே மூக்கும் நாடியும்தானே. கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்து, நீங்கள் எழுதியபடி, என் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

இதை நான் உங்களிடம் சொல்ல வேண்டும். என் வாயிலும் அதுதான் வந்தது. 'நல்லாயிருக்கிறாள்' என்று. இரண்டு நாள் பாடமாக்கிய வாக்கியம் போய்விட்டது. அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட வேண்டும் போல இருந்தது. ஒரு மூச்சு அளவுதான். நீங்கள் அதற்குள் விழுந்துவிட்டீர்கள். நான் விழாததற்குக் காரணம், விழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் எனக்குச் சொன்னீர்கள், உங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பையைத் திறந்து பொதியை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் தான் கட்டிய முடிச்சைப் பார்த்தாள். யாரும் அவிழ்க்கவில்லை என்று கண்டாள். அப்போதே அவள் முகம் போய்விட்டது. ஆனாலும் நான் சொன்னேன். சத்தமாக, பள்ளிப்பிள்ளை மாதிரிச் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. படியில் இருந்து பொதியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேசவைப் பார்த்து ஏதோ கேட்டாள். கடைசி நேரத்தில் ஜெனுஷாவின் கையை யார் பிடித்திருந்தது என்று கேட்கிறாள் என்று அவன் சொன்னான்.

"தகப்பன்" என்றேன்.

"முழு நேரமுமா?"

"ஓம். முழு நேரமும்."

"அப்படியென்றால் பிள்ளை தனியாக இருக்கவில்லை" என்றாள் மன்மாயா. தலையை ஆட்டி ஆட்டி அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்போதுதான் நான் அழுதேன். ஒரு வருடமாக என்னுடைய நாற்பது நிமிடத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் வரும் வரைக்கும் அந்த அறையில் நீங்கள் தனியாக இருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் ஒருநாளும் நினைக்கவில்லை. மூச்சு நின்றபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? அவளுடைய பெயரைச் சொன்னீர்களா? அவள் ஏதாவது அசைந்தாளா? பெற்றவள் நான், எனக்கு இது ஒன்றும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மன்மாயா அந்தக் கீரையை ஊறவைத்து, அரிசியும் பருப்பும் போட்டுக் குழையக் கஞ்சி காய்ச்சினாள். காய்ச்சலில் ஜெனுஷாவுக்குக் கொடுத்த அதே கஞ்சியாம். எனக்கு ஒரு வருடமாகக் கஞ்சி மணமே ஆகாது. அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள், விடவில்லை. குடித்தேன். அங்கே இரண்டு இரவு தங்கி நான் புறப்படும்போது அவள் அந்தப் பாதை மேடையடிவரை வந்து, எங்கேயோ இருந்து சுமந்துவந்த ஒரு தட்டைக் கல்லை மற்றக் கற்களோடு வைத்தாள். பெயர் ஒன்றும் எழுதவில்லை. அங்கே அப்படித்தானாம்.

நான் இருபதாம் திகதி வருகிறேன். விமான நிலையத்துக்கு வரவேண்டாம், ரயில் வழி எனக்குத் தெரியும். உங்களை மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுதமாட்டேன். அது இன்னும் நடக்கவில்லை, நடக்காததை ஆறுதலுக்காக எழுதினால் நானும் நீங்களும் ஒன்றுதான்.

ஆனால் என்னை இருத்திவைத்து அன்றைக்கு அந்த அறையில் நடந்ததைச் சொல்லுங்கோ. ஒன்றையும் விடாமல், நடந்தபடி. நான் அழுதாலும் நிறுத்தவேண்டாம்.

பிளாஸ்க்கை நானே திறந்து கழுவுகிறேன். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கோ.

மலர்